இடது ஓரத்தில் ஒரு பெண்

"இடது ஓரத்துல ஒரு பொம்பள நிக்கிறாங்க" என்றான் முத்துப்பாண்டி.

சுவரில் தெரிந்துகொண்டிருந்தது நான் எடுத்த படம். ஒத்தக்கடையைத் தாண்டி, நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல் ஒன்றில் யானைமலை தலைகீழாகத் தெரிகிற படம். அந்த வருடம் நான் எடுத்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதில் மலை உண்டு, தண்ணீர் உண்டு, விடிகிற நேரத்து மேகம் கொஞ்சம் உண்டு. பெண் யாரும் கிடையாது.

கேலி செய்கிறான் என்று நினைத்தேன். முத்துப்பாண்டி மேலூர்க்காரன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். யாரையாவது கேலி பேசாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

அடுத்துப் பேச வேண்டியவர் பல் டாக்டர் ஹசீனா. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சுவரை உற்றுப் பார்த்தார்.

"கருவேலஞ்செடி நிழல்ல நிக்கிறாங்க. சேலைய முக்காடு போட்டிருக்காங்க. ஒரு கையை நம்ம பக்கமா நீட்டுறாங்க" என்றார்.

நானும் சுவரைப் பார்த்தேன். மலையும் தண்ணீரும் மேகமும் இருந்தன.

சென்ற வாரம் என் முதல் கேமராவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "நீங்கள் எடுத்த படங்களிலேயே எல்லோரும் பாராட்டிய படம் எது?" என்று கேட்டிருக்கிறார். இதுதான் ஐயா அந்தப் படம். பாராட்டு வாங்கிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். சந்தோஷமான கதை என்று நினைத்துக் காபியோடு உட்கார்ந்தவர்கள் காபியை முதலில் குடித்துவிடுங்கள்.

வாயைத் திறக்கக் கூடாது

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். யாருக்கும் கேமரா பிழைப்பு இல்லை, அது எங்கள் பைத்தியம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிற நேரம் போக, விடுமுறை நாட்களில் கண்மாய், மலை, சந்தை என்று அலைவது வழக்கம்.

வருடத்தில் ஒரு நாள், கிறிஸ்துமஸ் முடிந்து வருகிற ஞாயிறு மதியம், துளசிராம் வீட்டு மாடியில் கூடுவோம். துளசிராம் ஜவுளிக்கடைக்காரர், சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டாரிடம் அவர்கள் பாஷையில் பேசுவார், எங்களிடம் தமிழில் பேசுவார், படத்தைப் பற்றிச் சண்டை வந்தால் இரண்டிலும் பேசுவார். அவர் வீட்டுப் புளியோதரைக்காகவே கேமரா வாங்கியவர்கள் எங்கள் கூட்டத்தில் உண்டு.

ஆளுக்கு ஒரு படம். அந்த வருடத்தில் எடுத்ததில் மனதுக்குப் பிடித்த ஒன்றே ஒன்று. ஜன்னலுக்குச் சேலையைக் கட்டி இருட்டாக்கி, வெள்ளைச் சுவரில் பெரிதாகப் போட்டுப் பார்ப்போம்.

அப்புறம்தான் எங்கள் சட்டம் ஆரம்பிக்கும். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. முதல் சுற்றில் மற்றவர்கள், படத்தில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை என்ற பேச்சே வரக் கூடாது. "ஆடு நிக்குது", "தண்ணி கெடக்குது", அவ்வளவுதான். அதுவும் ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வர வேண்டும். இரண்டாம் சுற்றில்தான் திட்டலாம், புகழலாம். எல்லாம் முடிந்த பிறகு, எடுத்தவர் ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். இரண்டாவது வாக்கியம் பேசினால் அடுத்த வருடப் புளியோதரை அவர் செலவு.

ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும் வழக்கம் துளசிராமின் தொழிலிலிருந்து வந்தது. "துணிய விரிச்சதும் நடுவுல பாக்குறவன் வாங்க வந்தவன். ஓரத்தப் பாக்குறவன் விக்கிறவன்" என்பார். நெசவில் குறை இருந்தால் ஓரத்தில் தெரிந்துவிடுமாம்.

அன்று எனக்கு முன்னால் மற்றவர்கள் படங்கள் எல்லாம் ஓடி முடிந்திருந்தன. முத்துப்பாண்டி, மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்றின் பச்சைத் தண்ணீரையும், வெட்டிப் போட்ட பாறை விளிம்பில் நிற்கும் ஆட்டையும் எடுத்திருந்தான். ஹசீனாவின் படத்தில் கோச்சடைப் பக்கம் வைகை. ஆறு முழுக்க ஆகாயத்தாமரை, அதற்கு நடுவே ஒரு எருமையின் தலை மட்டும். "எருமைக்குப் பல்லு தெரியுற மாதிரி எடுத்திருக்காங்க பாரு, டாக்டர் புத்தி எங்க போகும்" என்று முத்துப்பாண்டி சொல்ல, மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று நான் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

ஓரம் சார்

கூட்டத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. ஓரம் சார்.

யார் படத்தைக் காட்டினாலும் நான் முதலில் ஓரத்தைத்தான் பார்ப்பேன். மாலைச் சூரியனை அள்ளிக்கொண்டு வந்திருப்பார்கள், வலது மூலையில் ஒரு கரண்ட் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தேர் படம் பிரமாதமாக இருக்கும், கீழே யாரோ ஒருவர் முழங்கை. நான் விடமாட்டேன். "பொத்தான அமுக்குறதுக்கு முன்னாடி நாலு ஓரத்தையும் ஒரு தடவ சுத்தி வாங்கய்யா, கண்ணு ஒண்ணும் தேஞ்சு போயிராது" என்று கத்துவேன்.

கண்ணு தேஞ்சு போயிராது. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போது கை நிற்கிறது.

ஆக, ஓரம் சாருடைய படத்தில் ஓரத்தில் ஒரு பெண் நின்றால், அவள் தற்செயலாக நிற்க முடியாது. சார் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருப்பார். அந்த மாடியில் இருந்த யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

தண்ணீர் கட்டிய வயல்

அந்தப் படம் எடுத்த காலையைச் சொல்ல வேண்டும்.

ஒத்தக்கடையில் புதிதாக வந்த மனைப்பிரிவு ஒன்றில் எங்கள் உறவுக்காரர் வீடு கட்டியிருந்தார். காலையில் போதகர் வந்து வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் செய்வதாக ஏற்பாடு. என் மனைவி ரூபி, அதற்கென்று வாங்கிய அரக்கு நிறச் சுங்குடிச் சேலையை முதல் தடவையாகக் கட்டியிருந்தாள். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்தவள். நினைத்த நேரத்துக்குப் புதுச்சேலை வாங்குகிற பழக்கம் இல்லாதவள்.

"வெள்ளனக் கிளம்பினா போற வழியில ஒரே ஒரு படம் எடுத்துட்டுப் போயிரலாம்" என்றேன்.

"ஒரே ஒண்ணா? இம்புட்டு வருசமா அந்த ஒண்ணு முடியலையே உங்களுக்கு" என்றாள். ஆனாலும் ஸ்கூட்டரில் ஏறினாள்.

பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் தலையை மூடியிருந்தாள். வயல்காட்டுப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, நான் ஒரு வரப்பில் இறங்கி நடந்தேன். காற்று இல்லை. மலை அப்படியே தண்ணீரில் கிடந்தது. இப்படி ஒரு காலை வருடத்துக்கு ஒரு தடவை வாய்த்தால் பெரிது.

கண்ணைக் கேமராவில் வைத்தபோது "என்னங்க" என்று ஒரு குரல் கேட்டது. நேரமாகிறது என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "இரு, வாரேன்" என்றேன். நான்கு ஓரத்தையும் சுற்றி வந்தேன். சத்தியமாகச் சுற்றி வந்தேன். சுத்தமாக இருந்தது. பொத்தானை அமுக்கினேன்.

திரும்பி வந்தபோது ரூபி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். முழங்கால் வரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. கருவேல முள் குத்தி உள்ளங்கையில் ரத்தம். புதுச்சேலையின் கரை முழுக்கச் சகதி.

"எங்க போய் விழுந்த?" என்று கேட்டேன்.

என்னை அவள் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"எங்க விழுந்தேனா? நேரமாச்சேன்னு அந்தப் பக்க வரப்புல இறங்கி வந்து, உங்க எதுக்கத்தானே நின்னேன்? வழுக்குதுன்னு கூப்பிட்டேன். கை நீட்டுனேன். நேருக்கு நேரா என்னப் பாத்துக்கிட்டே படம் எடுத்தீங்க. இப்ப எங்க விழுந்தேன்னு கேக்குறீங்க?"

"ரூபி, சத்தியமா நான் பாக்கல."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. நாலு எட்டு வச்சிருந்தா பிடிச்சிருக்கலாம். உங்களுக்கு மலைதான் பெருசு."

பிரதிஷ்டைக்குப் போகவில்லை. எங்கள் வீடு இருக்கும் கோச்சடைக்கே திரும்பினோம். வீட்டுக்கு வந்து அவள் சேலையைத் துவைத்தாள், துவைத்தாள், துவைத்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், பேச மாட்டாள்.

எனக்கும் கோபம்தான். இல்லாத ஒன்றைச் சொல்லிச் சண்டை போடுகிறாள் என்று நினைத்தேன். அவள் வேறு எங்கோ வரப்பில் வழுக்கி விழுந்துவிட்டு, அந்த ஆத்திரத்தில் என் எதிரே நின்றதாகச் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். பிசிக்ஸ் வாத்தியார் அல்லவா, வெளிச்சம் பட்ட பொருள் கண்ணுக்குத் தெரிந்தே தீரும் என்று நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் பாடம் எடுத்தவன்.

கண்ணு பொடனியிலயா?

அந்த வருடம் முழுக்கவே எங்கள் வீட்டில் சண்டைதான்.

காபி டம்ளரைத் தட்டிவிடுவேன். நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வேன். இலையில் இடப்பக்கம் வைத்த துவையலை விட்டுவிட்டு, "துவையல் அரைக்கலையா?" என்று கேட்பேன். ஒருநாள் காளவாசல் பக்கம் திருப்பத்தில் ஒரு ஆட்டோவை உரசிவிட்டேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து என் வயதைப் பார்த்துவிட்டு, "பெரிய மனுசனா இருக்கீக, பாத்து வரக் கூடாதா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு உங்களுக்கு?" என்பாள் ரூபி. பிடரியைத்தான் எங்கள் ஊரில் பொடனி என்போம். எந்நேரமும் அவள் வாயில் இந்தக் கேள்விதான். விருந்தாளி வந்திருந்தாலும் கேட்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொள்வேன்.

கடைத்தெருவில் இடப்பக்கம் நடந்து வந்தவளைத் தொலைத்துவிட்டுத் தேடியிருக்கிறேன். பக்கத்திலேயே நிற்பாள். "நான்னு ஒருத்தி இருக்குறதே உங்களுக்குத் தெரியலைல்ல" என்று ஒருமுறை சொன்னாள். அதைத் திட்டாகச் சொல்லவில்லை, அழுகிற குரலில் சொன்னாள். வயதான காலத்தில் பொம்பளைகளுக்கு இப்படி ஒரு குறை வரும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கண்ணில் வலி இல்லை. மங்கல் இல்லை. பேப்பர் படிக்க முடிந்தது, ஊசியில் நூல் கோக்க முடிந்தது. எதிரே இருப்பது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண்ணில் குறை என்று யாராவது சொல்லியிருந்தால் அவரிடம் ஊசியைக் கொடுத்துப் போட்டிக்குக் கூப்பிட்டிருப்பேன்.

வயல் படத்தைக் கணினியில் எத்தனையோ முறை பார்த்தேன். பார்த்ததெல்லாம் மலையை. கருவேல நிழல் இருட்டாக இருந்தது, அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத்தான் முன்னமே தெரியுமே. தெரிந்த இடத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அரக்குச் சுங்குடி

மாடிக்குத் திரும்புவோம்.

அன்று ரூபியும் வந்திருந்தாள். வழக்கமாக வரமாட்டாள். துளசிராமின் மனைவி போன் செய்து வற்புறுத்தியதால் வந்து, பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குள் பேச்சுவார்த்தை சரியாகிச் சில வாரம் ஆகியிருந்தது. சரியானது என்றால் பேசிக்கொண்டோம், அவ்வளவுதான்.

முதல் சுற்றில் ஒவ்வொருவராக அந்தப் பெண்ணைச் சொல்லிக்கொண்டே போனார்கள். பாதி உடம்புதான் தெரியுது. கால் சேத்துக்குள்ள இருக்கு. விரல் அஞ்சும் விரிஞ்சிருக்கு. நான் இருட்டில் உட்கார்ந்து, என் படத்தை அடுத்தவர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தேன். சட்டப்படி நான் பேசக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை.

மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினேன். சுவரின் அந்த மூலையை நேருக்கு நேர் பார்க்கும்படி முழுசாகத் திருப்பினேன்.

அங்கே ரூபி இருந்தாள்.

முக்காட்டில் முகம் நிழலாக இருந்தது. ஆனால் அந்தக் கை எனக்குத் தெரியும். தலையை நேராக்கினேன். கை போய்விட்டது. அது இருந்த இடத்தில் ஓட்டையோ கறுப்போ எதுவும் இல்லை. வயலும் நிழலும் அழகாகச் சேர்ந்து, அங்கே யாரும் எப்போதும் நின்றதே இல்லை என்பதுபோல் இருந்தது. மறுபடி திருப்பினேன். மறுபடி நின்றாள்.

இரண்டாம் சுற்று ஆரம்பித்தது. முத்துப்பாண்டி எழுந்தே நின்றுவிட்டான்.

"சும்மா சொல்லக் கூடாதுண்ணே, மிரட்டிட்டீங்க. அந்தம்மா நம்மள நோக்கிக் கை நீட்டுது. நம்ம கண்ணு என்ன பண்ணுது? மலைக்குத்தான் போகுது. ஒரு உசுரு கூப்பிட்டுக்கிட்டு நிக்குது, நம்ம அழகு பாத்துக்கிட்டு இருக்கோம். அம்புட்டுப் பேரும் குத்தவாளின்னு ஒரு படத்துல சொல்லிட்டீங்களேண்ணே!"

கைதட்டினார்கள். "ஓரம்னா இதுதான்யா ஓரம்" என்றார் யாரோ.

துளசிராம் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். படத்தைத் துணியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பவர். "இந்த அரக்கு, இந்தக் கரை... இது நம்ம கடைச் சுங்குடி. இந்த நிறத்துல ஒண்ணுதான் வந்துச்சு. ரூபி அக்கா எடுத்துட்டுப் போனாங்க" என்றார். சொல்லிக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தார். "அக்கா, நீங்கதானா அது? சொல்லவே இல்லையே! உங்கள நடிக்க வச்சு எடுத்திருக்காரா சாரு?"

மாடி முழுவதும் திரும்பி ரூபியைப் பார்த்தது. "அக்காவுக்கும் ஒரு கைதட்டு" என்று முத்துப்பாண்டி கத்தினான். பெண்கள் அவள் தோளைத் தட்டினார்கள்.

ரூபி என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்ன நடந்தது என்று அவளுக்கு முன்பு ஒரு சின்னச் சந்தேகமாவது இருந்திருக்கும், மனிதன் நிஜமாகவே கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று. இப்போது சுவரில் அத்தாட்சி நிற்கிறது. கட்டிய மனைவி கை நீட்ட, அதைப் படமாகப் பிடித்து, ஊர் கூட்டிக் காட்டிக் கைதட்டு வாங்குகிற மனிதனோடுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறோம் என்று அவள் முடிவுக்கு வந்திருந்தாள்.

ஒரு வாக்கியம்

எந்தப் படம் சிறந்தது என்று வழக்கம்போல் கைதூக்கிப் பார்த்தார்கள். அந்த வருடத்தின் படம் என்னுடையதுதான். போட்டியே இல்லை.

"சார், உங்க ஒரு வாக்கியம்" என்றார் துளசிராம்.

சும்மா சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். "ஓரத்தப் பாருங்க" என்று ஏதாவது சொல்லியிருந்தால் எல்லோரும் ரசித்திருப்பார்கள். என் கண்ணைப் பற்றி அந்த மாடியில் யாருக்கும் தெரிந்திருக்காது. ரூபிக்கும் தெரிந்திருக்காது. கல்நெஞ்சக்காரன் என்ற பேரோடு போயிருப்பேன்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: "அந்த மூலையில ஆள் நிக்கிறது, இப்ப நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

கொல்லென்று சிரித்தார்கள். அதைவிடப் பெரிய கைதட்டு. "தன்னடக்கத்தப் பாருங்கய்யா!" என்றான் முத்துப்பாண்டி. நான் சிரிக்காமல் நிற்பதையும் தன்னடக்கத்தில்தான் சேர்த்தார்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு இடமில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"என்னங்க" என்று குரல் கேட்டது. மிகப் பக்கத்தில் கேட்டது.

"எங்க இருக்க?" என்றேன்.

"பக்கத்துலதான் நிக்கிறேன். தலையத் திருப்பாதீங்க. நேரா சுவத்தப் பாருங்க. என் கை தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல ரூபி."

சிரிப்பு அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ ஜன்னல் சேலையை அவிழ்த்தார்கள். மதிய வெயில் மாடி முழுவதும் விழுந்தது. ஹசீனா டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது எனக்கு எதிரே நன்றாகத் தெரிந்தது. ரூபி தெரியவில்லை.

"இப்பத் தெரியுதா?"

"இல்லம்மா."

கை என் மூக்குக்கு நேரே வந்தபோதுதான் பார்த்தேன். உள்ளங்கையில் கருவேல முள் குத்திய வடு இருந்தது.

அன்று யாரும் புளியோதரை சரியாகச் சாப்பிடவில்லை.

புள்ளி வெளிச்சம்

கண் ஆஸ்பத்திரியில் ஒரு கருவியின் முன்னால் உட்கார வைத்தார்கள். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்று. அதன் நடுவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே எங்காவது புள்ளி வெளிச்சம் மின்னினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். பொத்தான் அமுக்குவது எனக்குப் பழக்கம்தானே, உட்கார்ந்தேன்.

ஒன்றிரண்டு மின்னியது, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். கருவியை நடத்திய பெண், "சார், அமுக்குங்க சார்" என்றாள்.

"வெளிச்சம் வந்தாத்தானம்மா அமுக்க முடியும்?"

அந்தப் பெண் எழுந்து என் பக்கம் குனிந்தாள். "வந்துக்கிட்டேதான் சார் இருக்கு" என்றாள்.

அந்த நிமிடத்தில் என் உயிரில் பாதி போய்விட்டது. மீதியை டாக்டர் ஒரு தாளில் அச்சடித்துக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் கொஞ்சம் வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இத்தனை கறுப்பை நான் பார்த்ததில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருமாம். வலிக்காதாம். போன இடம் கறுப்பாகவும் தெரியாதாம். பக்கத்தில் இருப்பதை வைத்து மூளையே இட்டுக் கட்டிவிடுமாம். படத்தில் வேண்டாத ஆளை அழித்துவிட்டு அந்த இடத்தில் புல்லை நிரப்புவார்களே, அதே வேலை. ஓரம் சாரின் மூளை ஓரத்தை அப்படிச் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறது. மலையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு, நான்கு ஓரத்தையும் சுற்றி வந்ததாக நான் நினைத்திருக்கிறேன்.

"போனது திரும்பாது சார். இருக்கிறதக் காப்பாத்தப் பாப்போம். சொட்டு மருந்து விடாமப் போடணும்" என்றார் டாக்டர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தடுமாற ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா இன்னும் நிறைய மிஞ்சியிருக்கும்" என்று சேர்த்துச் சொன்னார்.

வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். ரூபி ரொம்ப நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டம்ளரத் தட்டும்போதெல்லாம் நான் வீம்புன்னு நினைச்சேன்" என்றாள். "வேணும்னே என்னப் பாக்காம இருக்கீங்கன்னு நினைச்சேன். அன்னைக்கு வயக்காட்டுலருந்து நேரா இங்க கூட்டியாந்திருக்கணும். நான் சேலையத் துவச்சுக்கிட்டு இருந்தேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல."

"ஒரு வருசமாத் திட்டுனேனே. கண்ணு எங்க இருக்குன்னு நாந்தானே கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நாளாவது நெசமாக் கேட்டிருக்கலாம்ல?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எங்களைச் சுற்றிக் கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், யாரும் எங்களை வேடிக்கை பார்க்கவில்லை.

இப்போது

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம். சொட்டு மருந்து தவறியதில்லை. ஆனாலும் வட்டம் சின்னதாகிக்கொண்டுதான் வருகிறது. சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து வீட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஸ்கூட்டரை விற்றாயிற்று. கேமரா அலமாரியில் இருக்கிறது. இதை எழுதும்போது வரிக்கு ஆரம்பம் எங்கே என்று விரலால் தேடித்தான் எழுதுகிறேன்.

மார்கழிக் கூட்டம் இன்னும் நடக்கிறது. போன தடவை போனேன். முத்துப்பாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் என்ன இருக்கிறது என்று காதில் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் ஒரு கேலிகூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, இனிமேல் போக வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

வழக்கப்படி ஜெயித்த படத்தைச் சட்டம் போட்டு மாடிப்படிச் சுவரில் மாட்டுவார்கள். என் படத்தைக் கழற்றிவிடட்டுமா என்று துளசிராம் கேட்டார். ரூபிதான் வேண்டாம் என்றாள். படியேறும்போது அதன் முன்னால் நின்றேன். நேராகப் பார்த்தால் மலை. திரும்பி அவளைப் பார்த்தால் மலை இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இனி எனக்கு வழியில்லை.

இதெல்லாம்கூட எப்படியோ பழகிவிடும் போலிருக்கிறது. பழகாதது ஒன்றுதான்.

நேற்றுக் காலை காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். மேஜையெல்லாம் காபி, அவள் புடவையிலும் பட்டிருக்க வேண்டும். ரூபி உள்ளே போனாள். துணி எடுத்து வந்து துடைத்தாள். வேறு காபி போட்டு, டம்ளரை என் வலது கைக்குள் வைத்து, விரல்களை அதன்மேல் மூடிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஒரு வார்த்தை அதட்டிப் பேசுவதில்லை.

"ரூபி, ஒரு தடவ கேளேன்" என்றேன்.

"என்ன கேக்கணும்?"

"கண்ணு பொடனியிலயான்னு."

நான் இடப்பக்கம் தலையைத் திருப்பினேன், வலப்பக்கம் திருப்பினேன். அறையில் அவளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், அடுப்படிக் குழாயில் தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது. அவள் அழும்போது அப்படித்தான் திறந்துவிடுவாள்.